சீர்காழியார் வகுத்த நெறி: நூலடுக்கிலிருந்து கணிப்பொறி வரை

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் சௌராஸ்தா சந்தையை அறியாதார் இலர். கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் ஜாதிக்காய் ஊறுகாயும் விற்கப்படும். மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. அங்கே நூல்கள் கூரையை முட்டுமளவு அடுக்கப்பட்டிருக்கும். பள்ளிப் பாடநூலின் மேல் சமையல் நூலும், அதன்மேல் ஆங்கில நாவலும், அதன்மேல் மலாய் அகராதியும் கிடக்கும். வருபவர் இன்ன நூல் வேண்டும் என்று சொன்னால், கடைக்காரர் சற்றே நிமிர்ந்து பார்த்து, மூன்றாம் அடுக்கின் நடுவிலிருந்து அதனை உருவித் தருவார். அக்கடைக்கு அட்டவணை இல்லை. கடைக்காரரின் நினைவே அட்டவணை. அவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டாலோ, ஆயிரம் நூல்கள் இருந்தும் இல்லாதனவே ஆகிவிடும்.

'சௌராஸ்தா' என்பது நான்கு வழிகள் கூடுமிடத்தைக் குறிக்கும் சொல். தமிழில் நாற்சந்தி என்போம். ஒரு நூலும் ஒரு நாற்சந்தியில் நிற்பதே என்பதையும், அதனை நாடி வருவோர் ஒரே தெரு வழியாக வருவதில்லை என்பதையும் உலக நூல் நிலையங்களுக்கு எடுத்துக் காட்டியவர் ஒரு தமிழர். அவர் சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன். அவர் மறைந்து முப்பதாண்டுகள் கழிந்தபின், அவர் கருத்தைக் கைக்கொண்டு கணிப்பொறி மென்பொருள்களுக்குக் குறிச்சொல் இட்டனர் மேனாட்டு இளைஞர் சிலர். இவ்வரலாறு தமிழ் மக்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை.

இடர்ப்பாடு யாதென்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாகூரிலிருந்து பினாங்குக்கு வந்த முஸ்லிம் புலவர் ஒருவர், கடற்பயணத்தைப் பற்றிச் சிந்துப் பாடல்களாக ஒரு நூல் இயற்றி, அதனை 1890ஆம் ஆண்டளவில் பினாங்கிலேயே அச்சிட்டார் என்று கற்பனை செய்து கொள்வோம். இந்நூலை எங்கே வைப்பது? தமிழ்ச் செய்யுள் என்று ஒருவர் சொல்வார். இஸ்லாமிய இலக்கியம் என்பார் இன்னொருவர். பினாங்கு வரலாறு எழுதுவோர் அது தமக்குரியது என்பர். கப்பற் போக்குவரத்தை ஆராய்வோருக்கும் அதில் உரிமை உண்டு. நால்வர் கூற்றும் உண்மையே. ஆனால் நூல் ஒன்று. அது நிற்கக்கூடிய அடுக்கும் ஒன்று. ஒருவருக்கு அருகில் வைத்தால் மற்றை மூவருக்கும் அது மறைந்து போகிறது.

ஆங்கிலேயர் கால்வைத்த இடங்களிலெல்லாம் நூல் நிலையங்கள் தோன்றின. பினாங்கில் 1817ஆம் ஆண்டிலேயே ஒன்று தோன்றிவிட்டது. ஆனால் நூல்களை அடுக்கும் முறை இடத்துக்கு இடம் வேறுபட்டது. அமெரிக்க அறிஞர் மெல்வில் டூயி என்பார் 1876இல் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவுலகம் முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது அம்முறை. கற்பதற்கு எளிது, ஆதலின் விரைவிற் பரவியது. எனினும் மரத்தின் கிளைபோற் பிரியும் முறையில், ஒவ்வோர் இலைக்கும் ஒரே ஒரு கிளைதான் உண்டு. அன்றியும் மரத்தை நட்டவர் எந்தப் பக்கம் நின்று நட்டாரோ அந்தப் பக்கமே தழைத்திருக்கும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்னும் முழு எண் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய தமிழுக்கோ, பிற இலக்கியங்கள் என்னும் தொகுதியின் மூலையில் 894.811 என்னும் நீண்ட எண் வாய்த்தது. இதை டூயியின் மீது குற்றமாகச் சொல்வதற்கில்லை. தம் கைக்கு எட்டிய நூல்களைக் கொண்டே அவர் பகுத்தார். ஆயினும் சங்கப் பாடலும் சிறுவர் கதையும் அந்த ஓரெண்ணின் கீழேயே நெருக்கியடித்து நிற்க வேண்டியதாயிற்று.

பொருள்களைப் பல கோணங்களினின்று பகுத்து வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றை நோக்குக. அதில் உள்ள நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலைத் திணைக்கு உரியன. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்கள் குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். பாடலைப் படிக்கு முன்னரே, 148 என்ற எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் அது குறிஞ்சி என்று கூறிவிடலாம். எண்ணையே பொருளடையாளமாக்கிய இந்த உத்தி, இன்று நூல் நிலையத்தார் வகுப்பெண் என்று கூறும் கருத்துக்கு ஒப்பானது. இதனைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி என்றும் கூறுவர். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே பொருளைப் பாடுவன. அவற்றைப் பிரித்த அளவுகோலோ அடிகளின் எண்ணிக்கை. பொருள் ஒரு கோணம்; நீளம் மற்றொரு கோணம்.

புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் உள்ள குறிப்புகள் இதனினும் ஒரு படி மேலானவை. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை யாது, துறை யாது என்பன தனித்தனியே தரப்பட்டுள்ளன. பாடல் நிற்பது ஓரிடத்தில்தான். ஆயினும் ஔவையார் பாடியன யாவை என்றோ, அதியமானைப் பாடியன யாவை என்றோ, கையறு நிலைத் துறையில் வந்தன யாவை என்றோ தேடுவார்க்கு அக்குறிப்புகள் வழிகாட்டும். பரிபாடலிலோ பண்ணின் பெயரும், இசை வகுத்தவர் பெயருங்கூட உண்டு. இக்குறிப்புகளை எழுதிய பெரியோர் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, புலவர்களையும் அரசர்களையும் பற்றிய வரலாற்றை ஒழுங்குபடுத்த இக்குறிப்புகளே பெருந்துணையாயின.

தேவாரப் பதிப்புகளில் இரண்டு முறைகள் வழங்குதலையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பதிகங்களைப் பண்ணின் வரிசையில் அமைப்பது பண்முறை. பாடல் பெற்ற ஊர்களின் வரிசையில் அமைப்பது தலமுறை. ஓதுவார்க்குப் பண்முறை உதவும். தல யாத்திரை செல்வார்க்குத் தலமுறை உதவும். பதிகம் மாறவில்லை, நாடி வருவோர் மாறினர். ஆகவே ஒரே நூல் இருமுறை அச்சாயிற்று. அந்தத் தேவாரம் பாடிய மூவருள் முதல்வரான திருஞானசம்பந்தரின் ஊரும் சீர்காழியே. இது தற்செயலான ஒற்றுமைதான். எனினும் நினைக்க இனிக்கிறது.

நிகண்டுகளின் கதை வேறு. திவாகரம் சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகளாக்கியது. யானைக்குரிய பல பெயர்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். மனப்பாடம் செய்தார்க்கு அது வசதி; செய்யாதார்க்கு ஒரு சொல்லைத் தேடி எடுப்பது கடினம். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டினை இயற்றி, சொற்களை எழுத்து முறையால் வரிசைப்படுத்தினார். பொருளால் தொகுத்தல், எழுத்தால் தொகுத்தல் என்னும் இருவழிகளும் அன்று முதல் தமிழில் அருகருகே நடந்துவந்தன.

அச்சு நூல்கள் பெருகியபின் பட்டியலிடும் வேலையைப் பாதிரிமாரும் அரசாங்கமும் மேற்கொண்டனர். ஜான் மர்டாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தந்தது. பகுத்தவர் சமயத் தொண்டர். ஆகவே சமயப் பிரிவுகள் அதில் விரிந்து கிடக்கின்றன. இருப்பினும் அக்காலத் தமிழ் அச்சுலகை அறிய அதனினும் சிறந்த கருவி கிடைப்பதரிது. இரண்டாண்டு கழித்து, 1867இல் இந்திய அரசாங்கம் நூற்பதிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளிவந்த நாள், பக்கங்கள், படிகளின் எண்ணிக்கை, விலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று அது விதித்தது. இதே போன்றதொரு சட்டம் 1886இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் வந்தது. பினாங்குத் தமிழ் நூல்கள் பல இன்று மறைந்துவிட்டன. அவை இருந்தன என்பதற்குச் சான்றாக அந்தப் பதிவுகள் நிற்கின்றன. போலீஸ் கண்காணிப்புக்காகப் போட்ட கட்டங்கள் ஆராய்ச்சிக்கு உதவின! அந்தக் கட்டங்களை இயற்றிய அதிகாரிகள் ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டென்று கருதி அவ்வாறு செய்யவில்லை. கண்காணிக்கப் பல செய்திகள் வேண்டியிருந்தன, அவ்வளவே.

இனி இரங்கநாதனிடம் வருவோம். சீர்காழி இராமாமிருத இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியிற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். அடுத்துச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராகப் பணிபுரிந்தார். இவர் நூலகராக வேண்டும் என்று எண்ணியவர் அல்லர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி வந்தது, சம்பளம் கூடுதல். சில நாட்களிலேயே அத்தனிமை பொறுக்காமல், மீண்டும் கல்லூரிக்கே அனுப்பிவிடுமாறு கேட்டாராம். ஒருமுறை இங்கிலாந்து சென்று நூல் நிலையப் பணியைப் பார்த்து வாரும், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்று மேலோர் சமாதானம் கூறினர். மாணவர் முகம் பாராமல் இருக்க முடியாத ஓர் ஆசிரியரின் மனம் அதுவென்பது பள்ளியிற் பணிபுரிந்தோர்க்கு எளிதில் விளங்கும்.

இலண்டனில் அவர் நூலகக் கலை பயின்றது பல்கலைக்கழகக் கல்லூரியில். குராய்டன் நகர நூலகரும் பகுப்பு முறையில் வல்லவருமான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசானாயினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களை இரங்கநாதன் சுற்றிப் பார்த்தார். எங்கு நோக்கினும் ஒரே குறை அவர் கண்ணுக்குப் பட்டது. புதிய புதிய துறைகள் தோன்றுகின்றன. இரண்டு மூன்று துறைகள் கலந்து நூல்கள் எழுதப்படுகின்றன. முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலிலோ அவற்றுக்கு இடமில்லை.

அப்போது நிகழ்ந்ததாக அவரே கூறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. இலண்டன் செல்பிரிட்ஜஸ் என்னும் பெருங்கடையில் ஒருநாள் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுக் கருவியைச் செய்து காட்டிக்கொண்டிருந்தனர். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், கம்பிகள், திருகாணிகள் ஆகியவையே மூலப்பொருள். அவற்றை ஒருவாறு பூட்டினால் பாலம். மறுவாறு பூட்டினால் வண்டி. இன்னொருவாறு பூட்டினால் பாரந்தூக்கி. கடையில் செய்துவைத்த பொம்மை ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டிய பொம்மை எல்லாம் உண்டு. நூற்பகுப்பும் இவ்வாறிருந்தால் என்ன என்று கணித ஆசிரியருக்குத் தோன்றியது. வகுப்புகளை முழுமையாகச் செய்து அடுக்கி வைப்பதற்குப் பதிலாக, அவற்றின் உறுப்புகளை மட்டும் செய்து வைத்து, நூல் கைக்கு வரும்போது வேண்டியவாறு பூட்டிக்கொள்வது என்று துணிந்தார். பூட்டுதற்குரிய திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். ஆகவே அவர் முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயராயிற்று.

1925இல் தாயகம் திரும்பும்போது கப்பலில் இருந்த சிறு நூலகத்தையே சோதனைக் களமாக்கி, அதன் நூல்களுக்குத் தம் முறைப்படி எண்ணிட்டுப் பார்த்தார் என்பர். சென்னை வந்தபின் பல்கலைக்கழக நூலகம் முழுவதையும் அவ்வாறே மாற்றி அமைத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலையும், 1933இல் கோலன் பகுப்பு நூலையும் வெளியிட்டார். அந்த 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் கொண்டு செல்லும் திட்டத்தைக் கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் தொடங்கினார். பகுப்பு முறை பற்றிய சிந்தனை பட்டணத்து அறைக்குள் அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு இவ்வண்டி ஒரு சான்று.

இரங்கநாதன் ஒரு பொருளை அதன் 'முகங்களாக'ப் பிரித்தார். காலப்போக்கில் எல்லா முகங்களையும் ஐந்து அடிப்படை இனங்களுக்குள் அடக்கினார். அவை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன. இந்தியாவில் 1950இல் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கதிரால் குணப்படுத்தியது பற்றிய ஆராய்ச்சி என்று ஒரு நூல் வந்தால், பழைய முறைகள் திகைத்து நிற்கும். கோலன் முறையில் நுரையீரல், காசநோய், சிகிச்சை, கதிர், இந்தியா, 1950 ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை எடுத்துப் பூட்டினாற் போதும். நோயை நாடினாலும் நாட்டை நாடினாலும் நூல் அகப்படும். அந்த நீண்ட எண்ணின் ஒவ்வோர் உறுப்பையும் அட்டவணையில் ஒரு தலைப்பாக்கும் சங்கிலி முறை ஒன்றையும் அவரே வகுத்தார்.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இங்கே ஓர் எண்ணம் எழாமற் போகாது. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று கூறுகிறது அந்நூல். நிலமும் பொழுதும் இரங்கநாதன் சொன்ன இடமும் காலமும் அல்லவா? கருப்பொருளுள் மரமும் புள்ளும் பறையும் அடங்கும்; உரிப்பொருளோ மாந்தர் ஒழுக்கம். ஒற்றுமை வியப்புக்குரியதே. ஆனால் இதைக்கொண்டு இரங்கநாதன் தொல்காப்பியத்திலிருந்தே இக்கருத்தை எடுத்தார் என்று சாதிப்பது ஆராய்ச்சி ஆகாது. அவர் கணிதத்திலிருந்தும் விளையாட்டுக் கருவியிலிருந்தும் தொடங்கினார் என்பதே அவர் வாய்மொழி. உலகத்துப் பொருள்களை ஆழ்ந்து நோக்குவார் எவரும் இடத்தையும் காலத்தையும் தனியே பிரிப்பர் என்று கொள்வதே பொருத்தம்.

இத்தகைய முறை இந்தியா எங்கணும் பரவியிருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. சில பல்கலைக்கழகங்களும் நூல் நிலையங்களும் ஏற்றுக்கொண்டன. பெரும்பாலானவை டூயியின் முறையையே பின்பற்றின. காரணம் தெளிவானது. இரங்கநாதன் புதிய கலைச்சொற்களை அள்ளி வீசினார், பதிப்புக்குப் பதிப்பு முறையை மாற்றினார், எண்கள் நீண்டன. நூலின் முதுகில் ஒட்டும் சிறு சீட்டில் எழுத இடம் போதாதென்று முணுமுணுத்தோரும் இருந்தனர். அவர் கருத்தை மெச்சியவர்களே அவர் எண்ணைக் கைவிட்டனர். இலண்டனில் 1952இல் கூடிய பகுப்பாராய்ச்சிக் குழுவினர், முகப் பகுப்பே செய்தி தேடும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படையாக வேண்டும் என்று 1955இல் அறிக்கை விடுத்தனர். அன்று கணிப்பொறி என்பது ஓர் அறையை நிறைக்கும் இயந்திரம். 1956இல் இரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரையும் இணைத்து நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் ஒன்று அவர் தலைமையில் எழுந்தது. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் மறைந்தார்.

அடுக்கில் தோற்றது கணிப்பொறியில் வென்ற கதை இனி வருவது. கணிப்பொறியின் மென்பொருளைத் தனியொருவர் சொத்தாக்காமல், யாவரும் எடுத்து ஆளவும் திருத்தவும் பிறர்க்குக் கொடுக்கவும் விடவேண்டும் என்னும் இயக்கத்தினர் பலர் உளர். அவருள் ஒருவரான ஐயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் 1993 ஆகஸ்டில் 'டெபியன்' என்னும் தொகுப்பைத் தொடங்கினார். (தமிழ் நூற்பட்டியல் தந்த மர்டாக்குக்கும் இவருக்கும் பெயர் ஒலிப்பிலன்றி வேறு தொடர்பில்லை.) டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டி வைக்கப்படும். துறைமுகத்துக் கிடங்கில் சரக்கு மூட்டைகளைக் கண்டோர்க்கு இச்சொல் எளிதில் விளங்கும். பொதிக்கு வெளியே ஒரு சீட்டு. உள்ளே இருப்பது என்ன, அது இயங்க வேறென்ன வேண்டும் என்பன அதில் எழுதியிருக்கும். வேண்டுவோர் தம் கணிப்பொறியிலிருந்து கேட்டால் பொதி வந்து இறங்கும்.

தொடக்கத்தில் இடர் ஒன்றும் தோன்றவில்லை. பொதிகளை விளையாட்டு, ஒலி, வரைவு, அஞ்சல், வலைத்தொடர்பு எனச் சில பத்துப் பிரிவுகளாகப் பிரித்து வைத்தனர். 1998இல் வெளிவந்த பதிப்பில் பொதிகள் சுமார் 1,500. 2005இல் 15,000க்கு மேல் ஆயின. 2023இல் வந்த பதிப்பிலோ 64,000க்கு மேல். ஒரு பொதி ஒரு பிரிவில்தான் இருக்கலாம் என்பது விதி. தொலைவில் உள்ளவரோடு வலைவழியே சதுரங்கம் ஆட ஒரு மென்பொருள் இருந்தால், அது விளையாட்டா, வலைத்தொடர்பா? குழந்தைகளுக்கு இசைச் சுரங்களைக் கற்பிப்பது ஒலியா, விளையாட்டா? பினாங்கில் அச்சான சிந்து நூலுக்கு வந்த அதே வழக்கு இங்கே வேறு நீதிமன்றத்தில் வந்து நின்றது.

என்ரிகோ சீனி என்னும் இத்தாலிய இளைஞர் 2003இல் இதற்கு ஒரு வழி கண்டார். டெபியன் பொதிகளுக்குப் பிரிவு ஒன்று மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு குறிச்சொற்கள் இடுவோம் என்றார். அம்முயற்சிக்கு 'டெப்டேக்ஸ்' என்று பெயர். குறிச்சொற்களை மனம்போனவாறு இறைத்துவிடாமல், அவற்றை முகங்களாகப் பிரித்தார். பொதியின் பயன் யாது, அது எவ்வகைக் கோப்பைக் கையாளும், எம்மொழியில் எழுதப்பட்டது, திரையில் எவ்வாறு தோன்றும், எந்தப் பண்பாட்டினர்க்கு உரியது என்பன அம்முகங்களுட் சில. இக்கருத்தின் மூலம் இரங்கநாதனின் முகப் பகுப்பே என்று அம்முயற்சியினர் வெளிப்படையாகவே எழுதினர். குறிச்சொல் எழுதும் முறையையும் கவனிக்க: முதலில் முகத்தின் பெயர், அடுத்து இரண்டு முக்காற்புள்ளிகள், அதன்பின் குறிச்சொல். கணிப்பொறி நிரல் எழுதுவோரிடையே முன்பே இருந்த வழக்கந்தான் அது. இரங்கநாதனுக்குச் செய்த வணக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஆயினும் சென்னையில் 1933இல் பூட்டிய திருகாணி, இரட்டையாகி மீண்டும் வந்தது போலவே தோன்றுகிறது.

தேடும் விதம் எளியது. பயன் என்னும் முகத்தில் 'விளையாடல்' என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், அக்குறிச்சொல் உடையவை மட்டும் எஞ்சும். எஞ்சியவற்றில் என்னென்ன குறிச்சொற்கள் உள்ளனவோ அவை மட்டும் அடுத்த தேர்வுக்கு முன்வைக்கப்படும். 'சதுரங்கம்' என்று சேர்த்தால் மேலும் சுருங்கும். நாலைந்து படிகளில் ஆயிரக்கணக்கான பொதிகள் பத்தாகிவிடும். எந்த வழியாகத் தொடங்கினாலும் அதே பத்தைத்தான் சென்றடைவர். கணிதத்தில் கணங்களின் வெட்டு என்று கூறும் எளிய கணக்கே இது. காகித அட்டைகளைக் கொண்டு செய்ய முடியாததைக் கணிப்பொறி ஒரு நொடியிற் செய்கிறது. அடுக்கில் நிற்கும் நூலுக்கு இருந்த ஓரிடக் கட்டுப்பாடு பொதிக்கு இல்லை.

ஏறக்குறைய அதே வேளையில் வேறொரு வழக்கமும் உலகெங்கும் பரவியது. புகைப்படங்களுக்கும் இணைப்புகளுக்கும் பயன்படுத்துவோர் தத்தம் விருப்பப்படி சொற்களை ஒட்டி வைக்கும் வழக்கம் அது. தாமஸ் வாண்டர் வால் என்பார் 2004இல் அதற்குப் பாமரர் பகுப்பு என்னும் பொருள்பட ஒரு பெயரும் சூட்டினார். சுதந்திரம் மிகுதி, தொல்லையும் மிகுதி. தமிழிலேயே பாருங்கள்: கணினி என்பார் ஒருவர், கணிப்பொறி என்பார் ஒருவர், எழுத்துப் பிழையாகக் கணிணி என்று எழுதுவாரும் உளர். பினாங்கு, பினாங், புலாவ் பினாங் என்று ஒரே தீவுக்கு மூன்று பெயர். ஒரு சொல்லைக் கொண்டு தேடுவார்க்கு மற்றச் சொல் இட்ட பொருள் கிட்டாது. திவாகரம் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் கட்டி வைத்த அருமை இப்போதுதான் தெரிகிறது. டெப்டேக்ஸ் முயற்சியினர் இவ்விடரை உணர்ந்து, குறிச்சொற்களின் பட்டியலைத் தாமே வரையறுத்துக் கொண்டனர். பட்டியல் கட்டுப்பட்டது, ஆனால் அதிலிருந்து எடுத்து இடும் வேலை எவருக்கும் திறந்து விடப்பட்டது. பொதி செய்தவர் மட்டுமன்றி, அதைப் பயன்படுத்தும் ஆசிரியரோ மாணவரோ இது குழந்தைகளுக்கு ஏற்றது என்று தெரிவிக்கலாம்.

இத்திறப்பு மிக முக்கியமானது. பகுப்பவர் கையில்தான் பொருளின் வாழ்வு இருக்கிறது என்பதற்கு 894.811 என்னும் எண்ணே சாட்சி. டெப்டேக்ஸின் பண்பாட்டு முகத்தில் தமிழுக்கென ஒரு குறிச்சொல் உண்டு. வங்காளத்துக்கும் அரபுக்கும் உள்ளது போலவே, அதே வரிசையில், அதே உயரத்தில் அது நிற்கிறது. தமிழ் எழுத்துருக்களும், தமிழ்ச் சொற்பிழை காண உதவும் சொற்பட்டியலும் அக்குறிச்சொல்லின் கீழ் அகப்பட்டன. கிளையின் நுனியில் தொங்காமல் தனி முகமாக நிற்பது என்பது இதுதான். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர். அவரைப் போன்றோர் உழைத்துத் திரையில் தமிழைக் கொண்டுவந்த பின்னும், செய்த கருவி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பயனென்ன?

டெப்டேக்ஸ் முறையிலும் குறை உண்டு. குறிச்சொல் இடுவோர் தொண்டர்கள். பொதிகளோ ஆண்டுக்கு ஆண்டு பெருகின. இன்னும் குறிச்சொல் இடப்படாதது என்பதைக் குறிக்கவே ஒரு தனிக் குறிச்சொல்லை வைக்கவேண்டி வந்தது. குறிச்சொல் பெறாத பொதி, அக்குறிச்சொல்லைக் கொண்டு தேடுவார்க்கு இல்லாத பொதியே. மரமுறையில் எப்பொருளும் ஏதோ ஒரு கிளையிலாவது தொங்கும். முகமுறையில் கவனிப்பாரற்றது காணாமலே போகும். இரங்கநாதனுக்கும் இவ்விடர் தெரிந்தே இருந்தது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று அவர் கருதியதற்கு, அதனைப் பேணும் கைகளும் வளரவேண்டும் என்பது உட்பொருள்.

மலேசியத் தமிழருக்கு இது வெறும் கணிப்பொறிச் செய்தி அன்று. 1966இல் கோலாலம்பூரில் உலகத் தமிழ் மாநாடு கூடிய ஆண்டில், தனிநாயக அடிகள் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை வெளியிட்டார். 1969இல் இராம சுப்பையா அவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் திரட்டித் 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாக வெளியிட்டார். எத்துணைப் பழைய பெட்டிகளைத் திறந்து, எத்துணைத் தூசியை விழுங்கி அது செய்யப்பட்டிருக்கும் என்பதை அவ்வேலையில் ஈடுபட்டோரே அறிவர். அவ்வாறு திரட்டியவை அச்சுத் தாளில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதிலுள்ள ஒவ்வொரு நூலுக்கும் அச்சான ஊர், ஆண்டு, செய்யுளா உரைநடையா, சமயம், தொழில், எழுதியவர் பிறந்த ஊர் என்று ஏழெட்டு முகங்களில் குறிச்சொல் இட்டுவிட்டால், பினாங்கில் 1900க்கு முன் அச்சான இஸ்லாமியச் சிந்துகள் என்று கேட்பவருக்கும், தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பாடிய நூல்கள் என்று கேட்பவருக்கும் விடை கிடைக்கும். இரண்டு ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் ஒரு விடுமுறைக் காலத்தில் உட்கார்ந்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை அது. கருவியும் இலவசமாகவே கிடைக்கிறது.